பக்கவாத்தியப் பொறிகள்: அறேஞ்சர் கீபோட்டும் கணினி மென்பொருளும்

பக்கவாத்தியம் என்னும் சொல்லிலேயே அதன் இலக்கணம் அடங்கியுள்ளது. அது பக்கத்தே நிற்பது, முந்திச் செல்லாதது, பிந்தித் தங்காதது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்குக் கருவிகள் இசைந்த முறையைக் கூறுமிடத்து, குழலைத் தழுவி யாழும், யாழைத் தழுவித் தண்ணுமையும், தண்ணுமையைத் தழுவி முழவும் இயங்கின எனக் காட்டுகின்றது. அக்காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் அடிகளை அடிப்படையாகக் கொண்டே விபுலானந்த அடிகளார் தமது யாழ்நூலை ஆக்கி 1947ஆம் ஆண்டில் வெளியிட்டார். கருவிகள் எத்துணைப் பலவாயினும், எது எதன் வழி நிற்கவேண்டும் என்னும் ஒழுங்கே கூட்டிசைக்கு உயிராம். இவ்வொழுங்கு தவறின், தனித்தனியே இனிய ஒலிகளும் ஒருங்கு சேர்ந்து இரைச்சலாகும்.

இற்றைநாளில் குழலும் யாழும் தண்ணுமையும் முழவும் ஆற்றிய பணியை ஒரு பொறி ஏற்றுக்கொண்டுள்ளது. கலியாண மண்டபங்களிலும் உல்லாச விடுதிகளிலும் ஒருவர் தனித்தமர்ந்து, வலக்கையால் இன்னிசையும் இடக்கையால் சுரக்கூட்டும் வாசிக்க, மேளமும் தாழ்சுரத் தந்தியும் கிற்றாரும் வயலின் கூட்டமும் தாமே எழுந்து ஒலிக்கின்றன. இவ்வியப்பை நிகழ்த்துவன இருவகை. ஒன்று, ‘அறேஞ்சர் கீபோட்’ என வழங்கும் தனிக்கருவி. மற்றது, மடிக்கணினியில் இயங்கும் பக்கவாத்திய மென்பொருள். அரங்கிலே பாடுவோனுக்குத் துணையாக இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பது இசைக்குழுக்களிடையே பெரிதும் வாதிக்கப்படும் வினா. ஒலிநயம் எதில் மிகுதி, விலை எதில் குறைவு என்று ஆராய்வார் பலர். அவையும் வேண்டுவனவே. ஆயின், பாடுவோன் வழி நிற்பது எது என்னும் வினாவை முதலில் எழுப்பினால், ஏனையவற்றுக்கு விடை காண்பது எளிதாகும். அவ்வழியே இக்கட்டுரை இவ்விரண்டையும் ஆராய்கின்றது.

பொறிகளின் வரலாறு

தானே தாளமிடும் பொறி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் வேர்லிட்சர் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் ‘சைட்மான்’ என்னும் தாளப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. சுழலும் தட்டொன்று மின்தொடுகைகளை வரிசையாகத் தீண்ட, உள்ளிருந்த வெற்றிடக் குழாய்கள் முழவொலி போன்ற ஒலிகளை எழுப்பின. வால்ஸ், டாங்கோ முதலிய ஆட்டத் தாளங்களை அது இடையறாது இசைத்தது. வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்கு அது ஒரு துணை. பின்னர், யப்பானில் இக்குதாரோ ககேஹாஷி என்பார் நடத்திய ஏஸ்ரோன் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் திரான்சிஸ்டரால் இயங்கும் தாளப்பெட்டியை வெளியிட்டது. அவரே 1972இல் றோலண்ட் நிறுவனத்தை நிறுவினார்.

இப்பெட்டிகள் தாளம் மாத்திரம் அறிந்தவை, சுரம் அறியாதவை. ஆர்கன் செய்வோர் இடக்கையின் சுரக்கூட்டைப் பொறிக்கு உணர்த்தும் வழியைக் கண்டபொழுதே பக்கவாத்தியப் பொறி உண்மையிற் பிறந்தது எனலாம். கசியோ நிறுவனம் 1980இல் தன் முதலாவது மின்னணு விசைப்பலகையை விற்கத் தொடங்கியபின், இவ்வசதி சிறிய மலிவான கருவிகளுக்கும் வந்தது. 1983ஆம் ஆண்டில் ‘மிடி’ என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடும், கணினியோடும் பேச அது வழிசெய்தது. அதன்பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதையிலே றோலண்டின் ஈ-20 (1988), கோர்க்கின் ஐ-3 (1993), யமஹாவின் டைரோஸ் (2002), ஜெனோஸ் (2017), ஜெனோஸ்-2 (2023) என அறேஞ்சர் கீபோட்டுகள் வளர்ந்தன. மற்றைப் பாதையிலே கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் 1990இல் வெளியிட்ட ‘பான்ட் இன் எ பொக்ஸ்’ முதலான மென்பொருள்கள் வளர்ந்தன.

கீபோட் இயங்கும் முறை

அறேஞ்சர் கீபோட்டின் உள்ளத்தை அறிய, அதன் இடக்கைப் பகுதியை நோக்குக. ஆங்கு மூன்று கட்டைகளை ஒருங்கே அழுத்தினால், பொறி அச்சுரங்களுக்கு இடையேயுள்ள தூரங்களை அளந்து, தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, இஃது இன்ன சுரக்கூட்டு என முடிவு செய்கின்றது. இம்முடிவு எப்போதும் ஐயமற்றதன்று. சி, ஈ, ஜி, ஏ என்னும் நான்கு சுரங்களை எடுத்துக்கொள்வோம். சி என்பதை அடிப்படையாகக் கொள்ளின் அது ‘சி ஆறு’. ஏ என்பதை அடிப்படையாகக் கொள்ளின் அது ‘ஏ மைனர் ஏழு’. சுரங்கள் ஒன்றே, பொருள் இரண்டு. இத்தகைய இடங்களில் மிகத் தாழ்ந்த சுரம் யாது என்பதைக் கொண்டு பொறி தெளிவு பெறுமாறு வாசிப்போன் அமைத்துக்கொள்ளலாம்.

சுரக்கூட்டு அறியப்பட்டவுடன், ‘ஸ்டைல்’ எனப்படும் தாளக்கோலம் அதற்கேற்ப மாறுகின்றது. ஒரு கோலம் என்பது மேளம், தாழ்சுரம், கிற்றார், பியானோ முதலிய பல பகுதிகள் சில அட்சரக் கணக்குக்கு எழுதிவைக்கப்பட்ட தொகுதியாகும். அஃது ஒரே சுரக்கூட்டில் எழுதப்பட்டிருக்கும். வாசிப்போன் வேறொன்றை அழுத்தியதும், பொறி சில விதிகளின்படி ஒவ்வொரு பகுதியையும் அதற்கு இடம்பெயர்க்கின்றது. தொடக்கம், நான்கு படிகளாக வளரும் நடு, இடைநிரப்பு, முடிவு எனக் கோலத்துக்கு உறுப்புகள் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொத்தான். சுரக்கூட்டு மாற்றம் உடனே நிகழும். நடுப்பகுதியின் படிமாற்றம் பெரும்பாலும் அடுத்த தாளச் சுற்றின் தொடக்கத்தில் நிகழும். இடக்கை தொட்டவுடன் தாளம் தொடங்கவும், இடக்கையை எடுத்தவுடன் தாளம் நிற்கவும் வசதிகள் உண்டு. விருத்தமாகத் தாளமின்றிப் பாடி, பின் பாட்டினுள் நுழையும் நம்மவர்க்கு இவ்விரண்டு வசதிகளும் பெரும் பயன் தருவன.

மென்பொருள் இயங்கும் முறை

பக்கவாத்திய மென்பொருள் என ஒரே பெயரால் வழங்குவன உண்மையில் இரு வேறு இனங்களைச் சேர்ந்தவை. இவ்வேறுபாட்டை உணராமையே வாதங்கள் பல முடிவின்றி நீளுவதற்குக் காரணமாம்.

முதலாம் இனத்துக்கு மேற்கூறிய ‘பான்ட் இன் எ பொக்ஸ்’ தக்க சான்று. பாட்டின் சுரக்கூட்டுகளைக் கட்டம் கட்டமாக முன்னரே தட்டெழுதி, வேகத்தையும் கோலத்தையும் குறித்தால், மென்பொருள் முழுப்பாட்டுக்கும் பக்கவாத்தியத்தை ஆக்கித் தரும். 2000களின் பிற்பகுதி தொட்டு, கைதேர்ந்த கலைஞர் உண்மைக் கருவிகளில் வாசித்துப் பதித்த ஒலித்துண்டுகளையே அது தேர்ந்து கோத்துத் தருகின்றது. ஆதலின், அதன் கிற்றார் ஒலி பொறியின் ஒலியாகத் தோன்றாது. மனிதன் விரல் தந்தியில் உரசும் ஒலியும் அதிற் கேட்கும். கைத்தொலைபேசியில் இயங்கும் ‘ஐறியல் புரோ’ போன்ற எளிய செயலிகளும் இவ்வினத்தனவே.

இரண்டாம் இன மென்பொருள்கள் கீபோட்டைப் போன்றே நிகழ்நேரத்தில் இயங்குவன. ‘வன் மான் பான்ட்’, ‘வி அறேஞ்சர்’ என்பன இத்தகையன. கணினியோடு ஒரு விசைப்பலகையை மிடி வழியாக இணைத்து வாசித்தால், மென்பொருள் இடக்கைச் சுரக்கூட்டை உணர்ந்து கோலத்தை மாற்றும். யமஹா கீபோட்டுக்கென ஆக்கப்பட்ட ஸ்டைல் கோப்புகளை இவை ஏற்று இயக்கும். ஒலிகளைக் கணினியிலுள்ள ஒலிக்களஞ்சியங்களிலிருந்து பெறலாமாதலின், ஒலிவளத்துக்கு எல்லை கூறுதல் அரிது. இவ்வினத்து மென்பொருள் தொழிலால் கீபோட்டே. உடலால் மாத்திரம் கணினி.

முடிவு செய்யும் காலம்

இங்கேதான் நமது முதல் வினா பயன்படுகின்றது. ஒரு நிகழ்வைக் கற்பனை செய்வோம். பாடுவோர் பல்லவியும் அனுபல்லவியும் பாடிச் சரணத்துக்கு வரவேண்டும். சபையோர் கைதட்டி மகிழவே, அவர் சரணத்தை விட்டுப் பல்லவியை மீண்டும் எடுக்கின்றார். மிருதங்கக்காரர் பக்கத்தில் இருப்பாரேல், பாடுவோர் மூச்சை உள்ளிழுக்கும்போதே அதனை உணர்ந்து கொள்வார். அறேஞ்சர் கீபோட் வாசிப்போரும் இடர்ப்படார். பாட்டைக் கேட்டு இடக்கையைப் பல்லவிச் சுரக்கூட்டுக்கு மாற்றுவார். பொறி அக்கணமே மாறும். இரண்டாம் இன மென்பொருளிலும் இவ்வாறே. ஆயின், முதலாம் இன மென்பொருள் முன்னர் எழுதப்பட்ட சரணத்தையே தொடர்ந்து வாசிக்கும். பாட்டு ஒரு வழி, பக்கவாத்தியம் ஒரு வழி. பாடுவோர் ஓடிச்சென்று பொறியைப் பிடிக்கவேண்டிய நிலை உண்டாகும்.

ஆகவே, கீபோட்டா கணினியா என்னும் பிரிவினும், முடிவு எப்போது செய்யப்படுகின்றது என்னும் பிரிவே பொருளுடையது. முதலாம் இன மென்பொருளின் முடிவுகள் அரங்குக்கு வருமுன்னரே வீட்டில் செய்யப்பட்டுவிடுகின்றன. அறேஞ்சர் கீபோட்டின் முடிவுகள் அரங்கில், அவ்வக்கணத்தில், வாசிப்போனின் இடக்கையால் செய்யப்படுகின்றன. முன்னது எழுதிய உரையை வாசிக்கும் பேச்சாளனைப் போன்றது. பின்னது சபையை நோக்கிப் பேசுவோனைப் போன்றது. முதலாம் இனத்து மென்பொருள்களிலும் ஒரு பகுதியை மீண்டும் இசைக்கவும் முடிவுக்குத் தாவவும் சில வசதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. எனினும், எழுதிய பாட்டின் எல்லைக்குள்ளேயே அவை உலாவும்.

சுருதி மாற்றத்திலும் இதுவே நிலை. தொண்டை கட்டிய பாடகர் அரைச்சுரம் குறைக்கும்படி வேண்டினால், கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். பதிந்த ஒலித்துண்டுகளால் ஆன பாட்டை மென்பொருளில் இடம்பெயர்க்கவேண்டின், அதனை மீண்டும் ஆக்குவித்தல் வேண்டும். அதற்குச் சிறிது காலம் செல்லும். காத்திருக்கும் சபையின் முன் சிறிது காலமும் நெடுங்காலமே.

இங்கு ஒரு குறைபாட்டையும் மறைத்தலாகாது. இவ்விரு பொறிகளும் சுரத்தில் வழி நிற்கக் கற்றனவேயன்றி, வேகத்தில் வழி நிற்கக் கற்றில. பாடுவோர் உணர்ச்சி மேலீட்டால் காலத்தைச் சற்று நெகிழ்த்தினால், பொறி நெகிழாது. வாசிப்போன் தட்டுப் பொத்தானால் வேகத்தைத் திருத்தலாம். ஆயினும் அத்திருத்தம் நிகழுமுன் ஒன்றிரண்டு அட்சரங்கள் கழிந்துவிடும். செவியுடைய மனிதன் மாத்திரமே இரு வகையிலும் வழி நிற்பான்.

தாமதம் என்னும் இடர்

கணினியை அரங்கிற்குக் கொணர்வோர் அறிந்திருக்கவேண்டிய அளவொன்று உண்டு. அது கட்டையை அழுத்துதற்கும் ஒலி எழுதற்கும் இடையேயுள்ள தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக உடனுக்குடன் அனுப்புவதில்லை. ஒரு தொகுதி சேர்ந்தபின்னரே அனுப்புகின்றது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்னும் வழக்கமான அளவில், 256 மாதிரிகள் கொண்ட தொகுதி ஏறத்தாழ 6 மில்லிசெக்கன் தாமதத்தைத் தரும். 1,024 மாதிரிகள் கொண்ட தொகுதி 23 மில்லிசெக்கன் தரும். ஒலிமாற்றிகளின் தாமதம் இதனோடு சேரும். மிடி வழியாக ஒரு சுரச் செய்தி செல்வதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் ஆகும்.

இவ்வளவுகளை நாம் அறிந்த ஒன்றோடு ஒப்பிடுவோம். காற்றில் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் செல்கின்றது. ஆதலின், இரண்டு மீற்றர் தூரத்தில் அமர்ந்த மிருதங்கக்காரரின் ஒலி பாடுவோர் செவியை அடைய ஏறத்தாழ 6 மில்லிசெக்கன் ஆகும். அத்தாமதத்தை எவரும் உணர்வதில்லை. எட்டு மீற்றர் தூரத்தில் அவரை அமர்த்தினால் தாமதம் 23 மில்லிசெக்கனாகும். அப்போது இருவர்க்கும் இடையே ஏதோ பொருந்தாமை தோன்றும். கணினியின் தொகுதியை 1,024 ஆக வைப்பது, வாசிப்போனை அவன் விரலிலிருந்தே எட்டு மீற்றர் விலக்கி அமர்த்துவதற்கு ஒப்பாகும். தொகுதியைச் சிறிதாக்கின் தாமதம் குறையும். ஆயின், கணினி உரிய காலத்தில் வேலையை முடிக்க இயலாதவிடத்து ஒலி அறுபட்டு வெடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவைக் கண்டுகொள்ளுதல் அவ்வக்கணினியைச் சோதித்தே அறியத்தக்கது. ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1997இல் வகுத்த ‘ஆசியோ’ முறை, ஒலியைக் குறுக்குவழியால் அனுப்பி இத்தாமதத்தைக் குறைக்க உதவுகின்றது. அறேஞ்சர் கீபோட்டிலோ இக்கணக்கெல்லாம் செய்தோராலேயே தீர்த்துவைக்கப்பட்டுள்ளது; வாசிப்போன் இதனை எண்ணவேண்டுவதில்லை.

அரங்கின் உறுதி

கீபோட்டினுள்ளும் இருப்பது ஒரு கணினியே. ஆயினும் அஃது ஒரு வேலை மாத்திரம் செய்யும் கணினி. மடிக்கணினியோ கடிதமெழுதும், கணக்குப் பார்க்கும், படம் காட்டும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். பாட்டின் நடுவே புதுப்பித்தலைத் தொடங்குதல், மின்சிக்கனத்துக்காகச் செயலியின் வேகத்தைக் குறைத்தல், மின்னஞ்சல் வந்ததென மணியடித்தல், உரிமச் சான்றை இணையத்தில் தேடுதல் என்னும் இவையாவும் அதன் இயல்பு. இவற்றோடு, விசைப்பலகைக்கும் கணினிக்கும் ஒலிப்பெட்டிக்கும் இடையே ஓடும் இணைப்புக் கம்பிகளும் உள. ஒரு யூ.எஸ்.பி. முனை தளர்ந்தாற் போதும், இசைக்குழு முழுவதும் மௌனமாகும்.

கணினியையே அரங்கிற் பயன்படுத்த விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் நன்று. அக்கணினியை இசைக்கென ஒதுக்குக. அரங்கேறுமுன் இணையத் தொடர்பையும் தானியங்கிப் புதுப்பித்தலையும் நிறுத்துக. மின்சிக்கன ஏற்பாட்டை நீக்குக. நிகழ்ச்சியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம் இடையறாது வீட்டில் ஓட்டிப் பார்க்க. எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி நின்றாலும் ஒலி எழுப்பக்கூடிய ஒரு கருவியைக் கையருகே வைத்திருக்க. விசைப்பலகையே தனக்கென ஒலியுடையதாயின் இக்காவல் எளிதிற் கிட்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கீபோட்டுக்கும் ஒரு குறை உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தமை யாவரும் அறிந்ததே. மடிக்கணினிக்கு உள்மின்கலம் உண்டு. பெரிய அறேஞ்சர் கீபோட்டுகளுக்கு அது பெரும்பாலும் இல்லை. மின் நின்ற கணத்திலே கீபோட் அணைந்து, மீண்டும் மின் வந்தபின் விழித்தெழச் சிறிது நேரம் கொள்ளும். ஒலிபெருக்கியும் மின்னையே நம்பியிருத்தலின், கணினியின் மின்கலம் சபைக்கு இசையைத் தராது. அமைப்புகள் அழியாமல் மாத்திரம் காக்கும். தடையில்லா மின்வழங்கி ஒன்றை வைத்துக்கொள்ளுதல் இரு திறத்தார்க்கும் நலமாம்.

விலையும் ஆயுளும் வேறு வேறு முகங்காட்டுவன. உயர்ந்த வகை அறேஞ்சர் கீபோட் சில ஆயிரம் டொலர் விலையுடையது. மென்பொருள் சில நூறு டொலருக்குள் அடங்குவது. ஆயின் கணினி, விசைப்பலகை, ஒலி இடைமுகம், ஒலிக்களஞ்சியங்கள் என யாவற்றையும் கூட்டின் இடைவெளி குறுகும். கீபோட் வாங்கிய நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே பல்லாண்டு இருக்கும். அது வளராது, தளரவும் செய்யாது. மென்பொருள் ஆண்டுதோறும் வளரும். எனினும் இயங்குதளம் மாறுந்தோறும் அதனோடு தானும் மாறவேண்டிய கடப்பாடு அதற்கு உண்டு.

நமது இசைக்கு இவை பொருந்துமாறு

இப்பொறிகள் மேனாட்டுச் சுரக்கூட்டு முறையைக் கருவாகக் கொண்டு பிறந்தவை. மெல்லிசைக்கும் திரைப்பாடலுக்கும் நம் நாட்டுப் பைலாவுக்கும் இவை நன்கு உதவும். பைலாவின் ஆறெட்டுத் தாளம் பொறிக்கு எளியதே. இந்தியச் சந்தைக்கென யமஹா வெளியிட்ட பி.எஸ்.ஆர். ஐ-500 போன்ற கருவிகளில் இந்தியக் கருவிகளின் ஒலிகளும் தாளக்கோலங்களும் இடம்பெற்றுள்ளன. ஏழு அட்சர மிசிர சாப்பும் ஐந்து அட்சரக் கண்ட சாப்பும் வேண்டுவோர் தாமே கோலம் எழுதிக்கொள்ளவேண்டும். இவ்வேலை கணினித் திரையில் எளிதாகவும், கீபோட்டின் சிறு திரையில் பொறுமையைச் சோதிப்பதாகவும் அமையும்.

இராகத்தை நெருங்குமிடத்தே இடர் மிகுகின்றது. இந்தோள இராகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ரிஷபமும் பஞ்சமமும் இல்லை. அவ்விராகத்தில் அமைந்த பாட்டுக்கு ஷட்ஜத்தையும் சாதாரண காந்தாரத்தையும் கொண்ட மைனர் கூட்டை இடக்கையால் வாசிப்போமாயின், அக்கூட்டிலுள்ள பஞ்சமத்தைப் பொறி தாழ்சுரத்திலும் கிற்றாரிலும் தாராளமாக ஒலிக்கச் செய்யும். வலக்கை விலக்கிய சுரத்தை இடக்கை உள்ளே அழைக்கின்றது. பாடுவோர் இராகத்தைக் காக்க, பக்கவாத்தியம் அதனைக் குலைக்கும். இக்குறை கீபோட்டுக்கும் மென்பொருளுக்கும் பொதுவானது. இத்தகைய பாட்டுகளில் சுரக்கூட்டுப் பகுதிகளை அடக்கிவிட்டு, தாளத்தையும் ஆதார ஷட்ஜத்தையும் மாத்திரம் ஒலிக்க விடுதல் தக்கது. கமகத்தின் அசைவை நிலைத்த பன்னிரு கட்டைகளால் முற்றக் காட்டலாகாது என்பதும் பழைய உண்மை. ஆர்மோனியத்தின் மீது இக்குற்றம் சாட்டியே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது.

கலைஞரின் பிழைப்பு

பொறி பற்றிய ஆராய்ச்சி பொறியோடு முடிவதன்று. அது விலக்கிய மனிதனையும் எண்ணவேண்டும். திரையரங்குகளில் பேசும்படம் வந்து இசைக்குழுக்கள் வேலையிழந்தபோது, அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1930இல் பதிவிசைக்கு எதிராகப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, மின்னிசைத் தொகுப்பிகளையும் தாளப்பொறிகளையும் தடை செய்யவேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டும் பொறியைத் தடுக்கவில்லை. ஆயினும், அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஒருவர் ஐவரின் வேலையைச் செய்யுமிடத்து, நால்வர் வீட்டில் இருத்தல் வேண்டும். ஐவர்க்கு ஊதியம் கொடுக்க இயலாத சிறு விழாவில், ஒருவராவது நேரில் வாசிக்கப் பொறி இடந்தருகின்றது என்பதும் உண்மையே.

இவ்விடத்தும் முன்னர்க் கண்ட வேறுபாடு வந்து நிற்கின்றது. முழுவதும் முன்னரே ஆக்கி ஓட்டப்படும் இசையின் முன் மேடையில் நிற்போன், வாசிப்போனாகத் தோன்றுபவனே. அறேஞ்சர் கீபோட்டின் முன் இருப்போனோ ஒவ்வொரு சுற்றிலும் முடிவு செய்கின்றான், பாடுவோர் முகத்தை நோக்குகின்றான், பிழைக்கவும் கூடும். பிழைக்கக்கூடியவனே வாசிக்கின்றவன். இசை பயிலும் மாணவர் இதனை மனத்துக்கொள்ளல் வேண்டும். சுரக்கூட்டு எப்போது மாறவேண்டும் என்பதைச் செவியால் உணர்ந்து இடக்கையால் நிறைவேற்றப் பழகுவோன், பின்னொரு நாள் மனிதரோடு கூடி வாசிக்கும் தகுதியைப் பெறுகின்றான். ஓடும் பதிவுக்கு ஒத்துப் பாடப் பழகுவோன், ஒத்துப்போகக் கற்கின்றான். பிறர் தன்னோடு இசையும் இன்பத்தை அறியான்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பாட்டுகள் முன்னரே உறுதிசெய்யப்பட்டு, ஒழுங்கு மாறாது, பயிற்சி நிறைந்த நிகழ்ச்சிக்கு முதலாம் இன மென்பொருள் பொருந்தும். வீட்டுப் பயிற்சிக்கும் புதுப்பாட்டு ஆக்குதற்கும் அதனை விஞ்சுவது அரிது. சபையின் விருப்பத்துக்கேற்ப வரிசை மாறும் விழாவுக்கும், பயிற்சியின்றி மேடையேறும் பாடகர்க்கும், விருத்தமும் பாட்டும் கலந்து வரும் நிகழ்ச்சிக்கும் அறேஞ்சர் கீபோட்டே தக்கது. கணினியை அடக்கி ஆளும் அறிவும் பொறுமையும் உடையோர்க்கு இரண்டாம் இன மென்பொருள் கீபோட்டின் பணிவையும் கணினியின் ஒலிவளத்தையும் ஒருங்கே தரும். இரண்டையும் இணைப்பது இன்னும் நன்று. வீட்டில் கணினியால் கோலங்களை எழுதி, யூ.எஸ்.பி. நினைவகத்திலே கீபோட்டுக்கு மாற்றி, அரங்கிற்குக் கீபோட்டை மாத்திரம் கொண்டுசெல்வது அனுபவமிக்கோர் பலர் கைக்கொள்ளும் வழி.

எதனைத் தெரிந்தாலும், வாங்குமுன் அதனைச் சோதிக்கும் முறை ஒன்றுண்டு. கடையில் அதன் மிக அழகிய ஒலியைக் கேட்டு மயங்காது, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாடச் சொல்க. நடுவிலே அவர் முன்னறிவிப்பின்றிப் பல்லவிக்குத் திரும்பட்டும். ஒரு வரியை விடட்டும். சுருதியைக் குறைக்கும்படி கேட்கட்டும். அப்பொழுது பொறி அவரோடு சென்றால், அது பக்கவாத்தியம் என்னும் பெயருக்கு உரியது. அவர் பொறியோடு செல்ல நேர்ந்தால், அதன் ஒலி எத்துணை இனிதாயினும் அதனை வீட்டில் வைத்துக்கொள்க.

குழலும் யாழும் தண்ணுமையும் முழவும் ஒன்றன்வழி ஒன்று நின்ற அரங்கிலே, அவற்றைப் பிணைத்தது அவற்றை இயக்கிய மாந்தரின் செவி. பொறிக்கு இன்னும் அச்செவி வாய்க்கவில்லை. வாசிப்போன் தன் செவியை அதற்கு இரவல் கொடுக்கின்றான். அவ்விரவலை எளிதாகப் பெற்றுக்கொள்ளும் பொறியே அரங்கிற்கு உகந்தது என்பது எமது துணிபு.